எதிர்மலைத் தீப்பந்தம்

ஜவ்வாது மலையில் ராத்திரி நேரத்தில் சாமைக்கொல்லைக்குள் காட்டுப்பன்றி இறங்கினால், எதிர்மலையில் நிற்பவர் கண்ணுக்குப் பன்றி தெரியாது. அதை விரட்ட ஓடுகிறவர்களின் தீப்பந்தம்தான் தெரியும். எச்.ஐ.வி.க்கான எதிர்ப்பொருள் பரிசோதனையும் அப்படித்தான். கிருமியை அது தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு கொளுத்திய பந்தத்தைத் தேடுகிறது.

இந்த மலையை அடுத்த வேலூருக்கு அந்தச் சோதனையில் ஒரு பங்கு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனிடம் படித்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே எலிசா என்ற எதிர்ப்பொருள் சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; பந்தம் தெரிந்ததன் அடையாளம் அது. அப்போதும் அவசரப்படவில்லை. அமெரிக்காவில் வேறொரு முறையில் சோதித்து உறுதி செய்துகொண்டார்கள். அந்த நிதானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அட்டையில் விடுகிறார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் அரைமணி நேரத்துக்குள் அதற்கான கோடு தெரிந்துவிடும். முதல் சோதனையில் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே இடிந்து போகாதீர்கள். வேறு காரணத்துக்காக ஏந்திய பந்தமாகவும் அது இருக்கலாம். அதனால்தான் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளிலும் தெரிந்தால் மட்டுமே தொற்று என்று சொல்கிறார்கள்.

கோடு வராவிட்டால்? பந்தம் கொளுத்தவும் நேரம் ஆகும். கிருமி நுழைந்து எதிர்ப்பொருள் சோதனையில் தெரிய மூன்று வாரம் முதல் மூன்று மாதம் வரை பிடிக்கும். போன வாரம் பயந்தவர் இந்த வாரம் சோதித்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த பச்சைக்குழந்தையின் கதை வேறு. அதன் ரத்தத்தில் இருப்பது தாய் கொடுத்த எதிர்ப்பொருளாக இருக்கலாம். ஒன்றரை வயது வரை இந்தச் சோதனையை நம்பி அதற்கு நோய் என்று சொல்ல முடியாது. கிருமியையே நேரடியாகத் தேடும் சோதனை செய்வார்கள். கர்ப்பிணித் தாய் முன்கூட்டியே சோதித்து மருந்து எடுத்துக்கொண்டால், பெரும்பாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம்.

உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். தொற்று உறுதியானால் கூட்டு மருந்துச் சிகிச்சையும் இலவசம். சந்தேகம் இருந்தால் 1097-க்குப் பேசுங்கள்.