கழிமுக மீன்குஞ்சுகளின் ஆகாரம்
(காஞ்சீபுரம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது ஊருக்குத் தெற்கே ஓடும் பாலாறு, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே கடலை அடைகின்றது. ஆற்று ஜலமும் கடல் ஜலமும் கலக்கும் அவ்விடமே கழிமுகம். அங்கு வளரும் மீன்குஞ்சுகள் பருவத்திற்குத் தக்கவாறு ஆகாரத்தை மாற்றிக்கொள்ளுகின்றன. உவர்நீர்க் குளம் எடுத்து மீன் வளர்க்க விரும்பும் சங்கத்தார் இதனை அறியாவிடில், கடன் பெற்றுப் போட்ட முதலைக் குளத்திலேயே இழக்க நேரிடும்.

முதலாவது, மடவை. இது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் ஏறக்குறைய 1 அங்குல அளவில் கழிமுகத்தினுள் நுழைகின்றன. அப்பொழுது ஜலத்தில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளே அவற்றின் இரை. சிறிது வளர்ந்ததும் அவை அடித்தளத்தை நாடி, சேற்றின்மேல் படிந்த நுண்பாசியையும் மட்கிய தழையையும் மணலோடு சேர்த்து உட்கொள்ளுகின்றன. கல்லைக்கொண்டு தானியத்தை அரைக்கும் கோழியின் இரைப்பையைப் போலவே, மடவையின் தடித்த வயிறும் மணலைக்கொண்டு பாசியை அரைக்கின்றது. குடலும் உடலைவிடப் பன்மடங்கு நீண்டுவிடுகின்றது.

இரண்டாவது, கொடுவா. இதுவும் நுண்பிராணிகளிலேயே தொடங்குகின்றது. ஆனால் விரைவில் சிற்றிறாலையும் சிறுமீனையும் பிடிக்கப் பழகும். ஒரு சாண் நீளம் கடந்தபின் மாமிசமன்றி வேறொன்றையும் நாடாது. தன் நீளத்தில் 3-ல் 2 பங்கு உள்ள உடன்பிறந்த குஞ்சையே விழுங்கவும் வல்லது.

1987-ல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், 1997-ல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனவிருத்தி செய்வித்தனர். பொரிப்பகங்களில் குஞ்சின் சிறு வாய்க்கு ஏற்ப முதலில் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரும், பின்பு அதனினும் பெரிய ஆர்ட்டீமியாவும், அதன்பின் அரைத்த மீன் அல்லது செயற்கைத் தீவனமும் அளிக்கப்படுகின்றன.

இவற்றால் நாம் கைக்கொள்ள வேண்டியவை யாவை?

கொடுவாக் குஞ்சுகளை முதலிரண்டு மாதமும் சில நாட்களுக்கொருமுறை அளவு வாரியாகப் பிரித்து, பெரியவற்றை வேறு தொட்டியில் விடுதல் வேண்டும். அவற்றோடு மடவைக் குஞ்சுகளைச் சேர்த்து விடலாகாது. மடவைக் குளத்திற்கு எருவிட்டு, அடித்தளத்தில் பாசி படியச் செய்தல் வேண்டும். கழிமுகத்தில் கண் சிறுத்த வலையிட்டுக் குஞ்சுகளை வாரியெடுப்பதும் தவிர்க்கத்தக்கது; இன்று வாரும் ஒரு கூடை, நாளை பல கூடைகளாக வேண்டியது.

பாவுக்குரிய பட்டிழை வேறு, ஊடைக்குரிய இழை வேறு என்பதைக் காஞ்சீபுரத்தாருக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. மீனிலும் பருவமறிந்து இரையிடும் சங்கமே கடனைத் தீர்த்து இலாபம் காணும்.