ஏரிக்கரைப் பள்ளியும் பெற்றோர் குழுவின் கடனும்



வலை பழுதுபார்க்கும் காலமும் பள்ளி திறக்கும் காலமும் பழவேற்காட்டுக் கரையில் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. கீழைக்கடலில் விசைப்படகுகட்கு ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை நீங்கும் சூன் திங்களிலேயே பள்ளியாண்டும் பிறக்கின்றது. ஏரியில் தொழில்புரியும் சிறுபடகினரை அத்தடை தொடுவதில்லை. எனினும், வலை, படகு, பொறி, கடன் ஆகியவற்றைப் பற்றிய பேச்சே அப்பொழுது எங்கும் ஓங்கிநிற்கும். வலைக்காக ஊர் கூடுகின்றது; பள்ளிக்காக ஊர் கூடுவதில்லை. கூடுதற்குச் சட்டமே இடம் வகுத்துத் தந்துள்ளது என்பதும் பலர்க்குத் தெரியாது.

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவுப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு ஒன்று இருத்தல்வேண்டும். அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்திற் பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் கட்டாயம். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பெற்றபோது 20 உறுப்பினருள் 15 பேர் பெற்றோர். 2024இல் மீண்டும் அமைக்கப்பெற்றபோது பள்ளியின் பழைய மாணவர்க்கும் இடந்தரப்பட்டது. தலைமை ஏற்பவர் பெற்றோருள் ஒருவரே, தலைமையாசிரியர் அல்லர். பள்ளி நடக்கும் முறையைக் கண்காணித்தல், வளர்ச்சித் திட்டம் வரைதல், வந்த பணம் செலவான வகையைப் பார்த்தல் ஆகிய மூன்றும் இக்குழுவின் உரிமைகள்.

தாளில் உள்ள இவ்வுரிமை கரையில் எவ்வாறு இருக்கின்றது? தலைமையாசிரியர் எழுதிவைத்த ஏட்டில் தாய்மார் கையெழுத்திட்டுச் செல்வதாகவே பல ஊர்களிலும் இருக்கின்றது. இதற்குத் தாய்மாரைக் குறைகூறுதல் பொருந்தாது. 'படித்தவர் சொல்வார், நாம் கேட்போம்' என்று அவர்களைப் பழக்கிவைத்தவர் பலர்.

ஆனால், இம்மக்கள் ஆளத் தெரியாதவர்களா? ஏரியிற் பாடு வகுக்கும் முறையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் மீன்வளம் மிக்க இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு வழிவழி வந்துள்ளது. இன்று ஒரு சாரார்க்குரிய பாடு நாளை வேறொருவர்க்கு உரியது. வலிமையுடையான் நல்ல நீரைத் தனக்கே வளைத்துக்கொள்ள இயலாது. மீறுவோனை ஊரே கேட்கும். எந்த அரசுத்துறையும் எழுதித் தாராத சட்டம் இது. கல்லூரி காணாத முதியோர் நினைவில் வைத்தே நடத்திய சட்டம். மீன்வள ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வேடுகளிலும் இதனைப் பாராட்டி எழுதியுள்ளனர். நீரைப் பங்கிடத் தெரிந்த ஊர்க்குப் பள்ளியை நடத்தத் தெரியாது என்பார் சொல் எடுபடுமா?

பாட்டின் சிறப்பைப் போற்றும்போதே அதன் குறையையும் மறைத்தலாகாது. தலைக்கட்டு உடைய ஆடவர்க்கே அங்குப் பங்கு. கரையில் மீனைப் பிரித்து, விலைபேசி, தலையிற் சுமந்து விற்றுவரும் பெண்ணுக்கு அவ்வவையில் வாயில்லை. வலையும் படகுமின்றி நீருள் அமர்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்கும் பாட்டில் இடமில்லை. பள்ளிக்குழுவிலோ இவ்விரு திறத்தார்க்கும் சட்டமே இடம் வைத்துள்ளது. நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் தொகைக்கேற்ற இடம் உண்டென்பது அதே 21ஆம் பிரிவு. எனவே, பாட்டிலிருந்து முறைமையையும் அஞ்சாமையையும் குழு எடுத்துக்கொள்ளல் வேண்டும்; வாயிலை அடைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளலாகாது. இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு தாயேனும் வாராத கூட்டம் நிறைந்த கூட்டம் ஆகாது. பழங்குடிச் சான்றிதழ் கிட்டாமையால் உதவித்தொகையும் மேற்படிப்பும் இழக்கும் பிள்ளைகள் அக்குடியிருப்புகளில்தான் உள்ளனர். அச்சான்றுக்கு வருவாய்த்துறையிடம் நடையாய் நடப்பது தனியொரு தாயால் ஆகாது. குழு முடிபெழுதி உடன்சென்றால் அலுவலர் செவி சற்றே திறக்கும்.

இனிப் புத்தாண்டுப் பணிகளுள் முதலாவது, பெயர்ப்பட்டியல். ஐந்தாம் வகுப்பு முடித்தோர் ஆறாம் வகுப்பில் சேர்ந்தனரா, எட்டு முடித்தோர் ஒன்பதில் உள்ளனரா என்று வீடுவீடாகப் பார்த்து எழுதுதல் வேண்டும். பிள்ளை பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. வலையிழுக்க ஒரு நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு நாள், இறால் வரத்து மிகுந்த காலத்திற் பத்து நாள் என்று நழுவி, பின்னர் 'இனி எப்படிப் போவது?' என்னும் கூச்சத்தில் நின்றுவிடுகின்றனர். பத்தாம் நாளில் தடுக்கலாம். நூறாம் நாளில் தடுப்பது அரிது. கையிற் காசு புழங்கத் தொடங்கிய பிள்ளையை மீட்பது அதனினும் அரிது. குழுவில் ஒருவர் தத்தம் தெருப்பிள்ளைகட்குப் பொறுப்பேற்றல் போதும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை.

தொலைவும் ஒரு தடை. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைக் கல்வி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் கிட்டுதல்வேண்டும் என்பது விதி. நிலத்தை அளந்து எழுதிய விதி இது. நீர் குறுக்கிடும் ஊரில் மூன்று கிலோமீட்டர் என்பது மூன்று கிலோமீட்டர் அன்று. 2011 திசம்பர் 25ஆம் நாள் இவ்வேரியில் உலாப்படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை எவரும் மறந்திரார். பிள்ளைகள் நீரைக் கடந்து படிக்கச் செல்லும் ஊரில், படகேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மிதவைச் சட்டை வேண்டுமென்றும், மழைக்காலத்திற்கு மாற்றுவழி வேண்டுமென்றும் குழு எழுதிக் கேட்டல் கடன்.

இவற்றையெல்லாம் வாயாற் சொல்வதினும் வளர்ச்சித் திட்டத்தில் எழுதுவதே வலியது. மூன்றாண்டுக்கான அத்திட்டம் நிதியாண்டு முடிவதற்கு மூன்று திங்கள் முன்னரே அணியமாதல்வேண்டும். அஃதாவது திசம்பருக்குள், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும் காலம். அப்பொழுது கூட்டம் கூட்ட இயலாது. சூன் திங்களிலேயே தொடங்கினால்தான் ஆகும். திட்டத்திற் கேட்கவேண்டியவற்றுள் தலையாயது ஆசிரியர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்ட அளவு. ஐந்து வகுப்புக்கு இருவர்! ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ சென்றால் ஐந்து வகுப்புக்கும் ஒருவரே. இச்சட்ட அளவு குறைந்த அளவேயன்றி மேல்வரம்பு அன்று என்பதைக் குழு எடுத்துரைத்தல் வேண்டும்.

பயிற்றுமொழிதான் எல்லாவற்றிலும் பெரிய செய்தி. 2012-13 கல்வியாண்டு தொட்டு அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவின. சேர்க்கையின்போது 'எந்தப் பிரிவு?' என்று கேட்கின்றனர். 'இங்கிலீசு' என்கிறாள் தாய். தன் பிள்ளை தன்போல் கூடை சுமக்கலாகாது என்னும் ஏக்கமே அச்சொல்லை அவள் வாயில் வைக்கின்றது. அவ்வேக்கம் இழிந்ததன்று. ஆனால், அவளுக்கு உண்மையை எடுத்துச் சொன்னவர் எவர்? பிள்ளையின் தாய்மொழியே இயன்றவரை பயிற்றுமொழி ஆதல்வேண்டும் என்று அக்கல்வி உரிமைச் சட்டமே 29ஆம் பிரிவிற் கூறுகின்றது. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமையளித்து 2010இல் தமிழ்நாட்டரசு சட்டம் செய்தது. பட்டப்படிப்பு மட்டுமன்றிப் பள்ளித் தொடக்கம் முதலே தமிழ்வழிப் படித்திருத்தல்வேண்டும் என 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இறுக்கியது. எனவே, ஐந்தகவைப் பிள்ளையை ஒரு சொல்லால் ஆங்கிலவழியிற் சேர்க்கும் தாய், இருபதாண்டு கழித்து அவனுக்குக் கிட்டக்கூடிய உரிமையொன்றையும் அன்றே எழுதிக்கொடுத்துவிடுகின்றாள். இதனைச் சேர்க்கை மேசையில் அமர்ந்து சொல்லுதல் குழுவின் வேலை.

ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்கச் சொல்லிக் கேட்பது வேறு. கணக்கையும் அறிவியலையும் பொருள் விளங்காமல் ஆங்கிலத்தில் உருப்போடச் செய்வது வேறு. ஆங்கிலவழி என்று பலகை மாட்டிய அறைகள் பலவற்றில் ஆசிரியர் விளக்குவது தமிழிலேயே. பிள்ளை எழுதுவதுமட்டும் புரியாத மொழியில். 'தமிழில் அறிவியல் வருமா?' என்று வினவுவோர் ஏரியின் மறுகரையை நோக்கட்டும். சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவூர்தி எழும் நாள்களில் மீனவரைக் கடலுக்குச் செல்லவேண்டாவென்று தடுக்கின்றனர்; அவர்தம் பிள்ளைகள் கரையில் நின்று அத்தீப்பிழம்பைப் பார்க்கின்றனர். 2008இல் அங்கிருந்து நிலாவை நோக்கிச் சென்ற முதற் சந்திரயானின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, தமிழ்வழி அரசுப் பள்ளியிற் படித்தவர். 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்குத் தலைமை தாங்கிய சிவனும் குமரி மாவட்டத்துத் தமிழ்வழி அரசுப் பள்ளியினின்று வந்தவரே. ஏரிக்கரைப் பிள்ளைக்கு இவ்விருவர் பெயரும் தெரிந்திருத்தல்வேண்டாவா?

தமிழ்வழியைப் பேணும் இக்கடன் மாநில எல்லையோடு முடியவில்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சார்ந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டை வந்தடைந்தது. ஏரி நடுவே கோடு நின்றது. அக்கோட்டுக்கு அப்பால் இருக்கம் தீவில் தமிழ் பேசும் மீனவர் வாழ்கின்றனர். மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகட்குத் தொடக்கக்கல்வி தாய்மொழியிற் கிடைக்க ஏற்பாடு செய்தல் அந்தந்த மாநிலத்தின் கடன் என அரசியலமைப்பின் 350-அ உறுப்பு கூறுகின்றது. அங்குள்ள பெற்றோர்க்கும் இக்கரைக் குழுவினர் இதனை எடுத்துச் சொல்லலாம். மீன் வாங்கவும் விற்கவும் கடக்கும் நீர்தானே!

பாடநூலில் இல்லாத ஒன்றும் உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர்சொல்லி அழைக்கும் முதியோர் இவ்வூர்களில் உள்ளனர். மடவையும் இறாலும் எப்பொழுது எந்நீரில் வருமென்று அவர்கள் அறிவர். 1613இல் கோட்டை கட்டிய ஒல்லாந்தர்க்குக் கல்லறையிலும் எழுத்துண்டு. அவர்க்கு முன்னும் பின்னும் இவ்வேரியில் வாழ்ந்தவர்க்கு ஓரெழுத்தும் இல்லை. திங்கட்கொருமுறை அம்முதியோருள் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, அவர் கூறும் சொற்களைப் பிள்ளைகள் எழுதிவைத்தால் அதுவே தமிழ்ப்பாடம், அறிவியற்பாடம், வரலாற்றுப்பாடம்.

இவ்வளவும் நடக்கக் குழு கூடவேண்டும். எப்பொழுது? பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்று அறிவித்தால், அந்நேரம் தாய்மார் மீன்சந்தையில் இருப்பர். அவர்கள் வாராமையை 'ஆர்வமின்மை' என்று ஏட்டில் எழுதுதல் நயன்மையன்று. விற்றுத் திரும்பி, அடுப்பிறக்கிய பிற்பகலிற் கூட்டம் வைத்தல்வேண்டும். பேசியவை யாவும் தமிழிலேயே ஏட்டிற் பதியப்பெறல் வேண்டும். வந்த பணம், செலவான பணம் இரண்டும் பள்ளிச் சுவரில் எல்லார்க்கும் தெரியும்படி எழுதப்பெறல் வேண்டும். எழுத்தறியாத தாய் ஒருத்தி இருப்பின், எழுதியதை முழுதும் அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் 'சரி' என்ற பின்னரே அவள் கைந்நாட்டைப் பெறுதல் வேண்டும்.