ஜூன் மாதத்து வளையல்

(மும்பையில் நடந்த கிளைக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் பாட்டி மூன்றாம் வகுப்போடு நின்றவள். தாத்தா காலமான பின், 1960-களில் மாதுங்காவில் அப்பளம் இட்டு விற்றுத்தான் அப்பாவைக் காலேஜில் படிக்க வைத்தாள். ஒவ்வொரு ஜூனிலும் அவள் வளையல் அடகுக் கடைக்குப் போகும். தீபாவளிக்குள் திரும்பி வரும். கடைசி வருஷம் வரவில்லை.

அவள் ஞாபகார்த்தமாகப் பேரன் பேத்திகள் நாங்கள் 5 லட்சம் ரூபாய் தருகிறோம். முதலைத் தொடக் கூடாது. 6 சதவிகித வட்டி கிடைத்தால் வருஷத்துக்கு 30,000 ரூபாய். இரண்டு பெண்களுக்குப் பாதிப் பாதி. இன்ஜினீயரிங் கட்டணத்துக்கு இது எந்த மூலைக்கு என்பீர்கள். வாஸ்தவம். பி.காம்., பி.எஸ்ஸி. படிப்பவளுக்குப் பீஸுக்கு உதவும், ரயில் பாஸுக்கும் கொஞ்சம் மிஞ்சலாம்.

கமிட்டிக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இதை ஆண்டு விழா மேடையில் கொடுக்க வேண்டாம். விழா ஜனவரியில், பீஸ் கட்டுவது ஜூனில். நடுவில் ஏழு மாதம் யார் வீட்டு வளையலோ அடகில் இருக்கும். பணம் ஜூனிலேயே நேராகக் காலேஜுக்குப் போகட்டும். (போட்டோ இல்லையே என்று என் அண்ணாவுக்குக் குறைதான்!) முதல் மார்க் வாங்கியவளாக இருக்க வேண்டியதில்லை, அம்மா ஒருத்தி சம்பாத்தியத்தில் நடக்கும் வீட்டுப் பெண்ணுக்கு முதலிடம்.

மனுக்களை மே 15-க்குள் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.