மைக்கைப் பிடிக்கும் முன்

தேங்காய்ப்பட்டணம், முள்ளூர்துறை, இரையுமன்துறை பக்கத்துப் பங்குகளில் பாடற்குழுப் பயிற்சிக்குச் சேரப்போகிற தம்பி தங்கச்சிகளிடம் இன்றைக்குப் பேசுகிறேன்.

உங்களில் நிறையப் பேருக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியும், குரலும் இருக்கும். சந்தோஷம். ஆனால் கோயிலில் உங்கள் வேலை பாடுவது மட்டுமில்லை, சனங்களைப் பாட வைப்பது. புனித சவேரியார் முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். 1544-இல் நம் கரைக்கு வந்தபோதும் அவர் கையில் இருந்தது அந்த வழிதான். தமிழ் அவருக்குச் சரளமாக வராது. இருந்தும் சனங்களின் வாயில் ஜெபம் ஏறியது.

அதனால் முதலில் சுருதியைக் கவனியுங்கள். நம் ஊரில் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு. வாரமெல்லாம் உப்புக்காற்றில் கத்திக் கரகரத்த தொண்டையோடு பின்வரிசையில் நிற்கிறார்கள். காலைத் திருப்பலிக்கு வருகிற பாட்டிமாருக்கு மூச்சு நீளாது. காசெட்டில் கேட்ட அதே சுருதியில் நீங்கள் தொடங்கினால் இரண்டாவது வரியில் கோயில் அமைதியாகிவிடும். டிரான்ஸ்போஸ் பட்டனை ஒன்றிரண்டு படி இறக்குங்கள். பாட்டின் உச்சி மேல் 'டி'யைத் தாண்ட வேண்டாம். உங்கள் குரல் எடுப்பாகத் தெரியாதுதான். தெரிய வேண்டியதும் இல்லை.

அடுத்தது, வழிபாட்டு ஆண்டைப் படியுங்கள். தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது. வானவர் கீதம் தவக்கால ஞாயிறுகளிலும் திருவருகைக் கால ஞாயிறுகளிலும் இல்லை. பதிலுரைப் பாடலுக்கு உங்களுக்குப் பிடித்த பக்திப்பாட்டைப் போடாதீர்கள். வாசக நூலில் அன்றைக்கென்று ஒரு திருப்பாடல் இருக்கிறது. அதன் பல்லவியைச் சனிக்கிழமையே இரண்டு சுரத்தில் எளிதாக அமைத்து, திருப்பலிக்கு முன் ஒருதரம் சனங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களின் முழுப் பங்கேற்பை வற்புறுத்தியது. அது நடப்பது இப்படித்தான்.

அடக்கப் பூசையில் மட்டும் ஆரம்பத்திலேயே தனியாக வாசிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். 2017 நவம்பர் ஓகிப் புயலில் கடலுக்குப் போய் உடல்கூடக் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் இந்தக் கரையில் இருக்கின்றன. அந்த வீட்டார் முன்னால் ரிதம் பெட்டியைத் தொடவே கூடாது. மூத்த பாடகர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், அழுகை எழும்போது எப்படி அடுத்த அடிக்குக் காத்திருக்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புத்தகத்தில் இது கிடைக்காது.

கருவிகளையும் பாருங்கள். கடல் கிட்டே என்பதால் கேபிள் ஜாக்கில் பச்சை பிடிக்கும், மைக் கம்பிவலை துருவேறும். பூசை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, கீபோர்டை மூடி வையுங்கள். பாங்கு நேரம் தெரிந்து ஒத்திகையில் ஒலிபெருக்கியைத் தணித்துவிடுங்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பள்ளிவாசலோடு அடுத்தடுத்து வாழ்கிறோம்.

கடைசியாக, சேரும் முன் பங்குத்தந்தையிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை மாதம், யார் சொல்லிக்கொடுப்பார், பரீட்சைக் காலத்தில் விடுப்பு உண்டா, பஸ் காசு யார் தருவார். ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இறைப்பணிதானே என்று இலவசமாக உழைத்து ஓய்ந்துபோன நல்ல பாடகர்கள் பலர். நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது.