சிவப்புப் புழுவின் செரிமானம்

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளி நொய்யல் கரையோரம் இருக்கிறது. 2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் என் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள். ஒருநாள் ஓடைச் சேற்றை வாளியில் அள்ளிவந்து காட்டினேன். சிவப்பாக நெளியும் புழுக்கள் நிறைய இருந்தன. மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் 'பிளட் வார்ம்' என்று வாங்குவார்களே, அதுதான்; கைரோனோமஸ் என்ற கடிக்காத கொசு போன்ற பூச்சியின் லார்வா. "புழு உயிரோடு இருக்கிறது, அப்படியானால் தண்ணீர் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ப் படித்தபோதுதான் உறைத்தது. அந்தச் சிவப்பு, ஹீமோகுளோபின். அதனால்தான் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அது தாக்குப்பிடிக்கிறது. மே ஈ போன்றவற்றின் லார்வாக்களால் அது முடியாது. அவை எதுவும் இல்லாமல் இந்தப் புழு மட்டும் பெருகியிருந்தால் அது கெட்ட செய்தி.

அதோடு, நெளிகிற புழுவின் குடலுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. அது தின்னும் பாசியையும் மட்கிய இலையையும் செரிக்க அமைலேஸ், டிரிப்சின் போன்ற நொதிகள் வேண்டும். தாமிரம், காட்மியம் போன்ற உலோகங்கள் நொதிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதன் வடிவத்தைக் கெடுக்கும். வயிறு நிறையத் தின்றாலும் சத்து சேராது. உடலில் சேர்ந்த நஞ்சைச் சமாளிக்கவும் சக்தி செலவாகும். வளர்ச்சி தாமதப்படும், பூச்சியாக மாறுவதும் தள்ளிப்போகும். புழுவை நம்பியிருக்கும் மீனுக்கு நஷ்டம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மீன் செத்து மிதப்பது கடைசி அத்தியாயம். நாம் பாடத்தில் பெரும்பாலும் அதை மட்டும்தான் சொல்கிறோம்.

புழுவின் குடலைப் பள்ளியில் சோதிக்க முடியாது. நம் உமிழ்நீரிலும் அமைலேஸ் இருக்கிறதே! என் உமிழ்நீரையே நீரில் கலந்து இரண்டு சோதனைக் குழாய்களில் எடுத்தேன். ஒன்றில் மட்டும் மயில்துத்தக் கரைசல் சில சொட்டு. இரண்டிலும் நீர்த்த அரிசிக் கஞ்சித் தெளிவை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து அயோடின் விட்டேன். முதல் குழாயில் கருநீலம் வரவில்லை, ஸ்டார்ச் செரித்துவிட்டது. மயில்துத்தம் விட்டதில் கருநீலம் அப்படியே இருந்தது.

"சார், அது மயில்துத்தத்தோட நிறமா இருந்தா?" என்றாள் ஒரு மாணவி. நான் யோசித்திராத கேள்வி. மறுநாள் மூன்றாவது குழாய் வைத்தோம்: தண்ணீர், மயில்துத்தம், அயோடின், கஞ்சி கிடையாது. கருநீலம் வரவில்லை. கரைசல் அடர்த்தியானால் நிறம் குழப்பும், வகுப்புக்கு முன் ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் நஞ்சு, ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும்.

பழைய தவறையும் அன்றே வகுப்பில் ஒப்புக்கொண்டேன். குழாய்களைக் கழுவப் போனபோது அதே மாணவி, "இதை எங்க சார் ஊத்துறது? நம்ம சாக்கடை ஓடைக்குத்தானே போகுது?" என்று கேட்டாள். அந்தக் கரைசல் இப்போது பெயர் ஒட்டிய பாட்டிலில் ஆய்வக அலமாரியில் இருக்கிறது.