ஏலத்தில் வாங்கிய வீடும் வெளியேற மறுப்பவரும்

 

நீதிமன்ற ஏலத்தில் ஒரு வீட்டை வாங்கியுள்ளீர்கள். பல்லாண்டுச் சேமிப்பைக் கட்டிவிட்டீர்கள்; விற்பனைச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் உள்ளே இருப்பவர் வெளியேற மறுக்கிறார். ஆட்களைத் திரட்டிச் சென்று பூட்டை உடைக்கலாமா? தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கலாமா?

முதலில் தாங்கள் வாங்கியது முழு வீடா, ஒருவரின் பங்கா என்று பாருங்கள். ஒரு தந்தை வஃபாத்தாகி, இரண்டு மகன்களும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். வீடு ஐந்து பங்காகும். மகன்களுக்கு இரண்டிரண்டு; மகளுக்கு ஒன்று. மூத்தவரின் கடனுக்காக அவரது உரிமை ஏலம் போனால், வாங்கியவருக்குச் சேர்வது ஐந்தில் இரண்டு பங்கே. எந்த அறை அவருடையது என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது. அங்கே குடியிருக்கும் தங்கையை வெளியேறச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. அவள் ஆக்கிரமிப்பாளர் அல்லள். தன் வீட்டில் இருக்கிறாள்.

நம் நாட்டுச் சட்டமும் இதையே கூறுகிறது. பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் ஒருவர் பங்கை வாங்கிய அந்நியர், மற்றவர்களோடு கூடிக் குடியிருக்க உரிமை கோர முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 44ஆம் பிரிவு. ஏலத்தில் பங்கை வாங்கியவருக்கும் உரிய வழி பாகப்பிரிவினை வழக்கே. அவ்வாறு வழக்குத் தொடுத்தால், அவரது பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம், 4ஆம் பிரிவு வழி செய்கிறது. இது இந்துக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று என அலகாபாத் உயர் நீதிமன்றம் 1908இலேயே தீர்ப்பளித்தது. கூட்டுச் சொத்தில் பங்காளிக்கே முன்னுரிமை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த ‘ஷுஃப்ஆ’வின் நோக்கமும் இதுவன்றோ? ஆகவே ஏலம் கேட்கும் முன்பே மற்றப் பங்காளிகளைச் சந்தித்துப் பேசுவது அழகிய செயலாகும்.

முழு வீடும் முறைப்படி ஏலம் போயிருந்தால் நிலைமை வேறு. கடன்பட்டவரோ அவர் சார்பில் இருப்பவரோ வெளியேறாவிட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 21, விதி 95இன் கீழ் மனுச் செய்யுங்கள். நீதிமன்றமே வீட்டை ஒப்படைக்கும். விற்பனை முழுமை பெற்ற நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். சட்டப்படியான வாடகைதாரர் இருந்தாலோ விதி 96 பொருந்தும். அறிவிப்பு ஒட்டி, தண்டோரா போடப்படும். அவர் உடனே வெளியேற வேண்டியதில்லை. இனித் தங்களின் வாடகைதாரர் ஆவார்.

இவ்வழியை விட்டுப் பலத்தால் வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், 6ஆம் பிரிவின்படி அவர் ஆறு மாதத்திற்குள் வழக்குத் தொடுக்கலாம். சொத்து யாருடையது என்று ஆராயாமலேயே நீதிமன்றம் அவரை மீண்டும் குடியமர்த்த முடியும். உரிமையும் தங்களிடம், குற்றமும் தங்களிடம் என்றாகிவிடும்.

வெளியேற மறுக்கும் சகோதரரே, தங்களுக்கும் ஒரு சொல். தடை உத்தரவுகளால் ஆண்டுகளைக் கடத்தலாம். ஆனால் வாதத் திறமையால் தன்னிடமே சாதகமான தீர்ப்புப் பெற்றாலும், பிறர் உரிமையைப் பெற்றவர் நெருப்புத் துண்டையே பெறுகிறார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அநியாயமாக எடுத்த ஒரு சாண் நிலமும் மறுமையில் ஏழு பூமிகளாகக் கழுத்தில் மாட்டப்படும் என்பதும் அவர்களின் எச்சரிக்கையே.

வாங்கியவரே! நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்கக் குர்ஆன் பணிக்கிறது. வயோதிகரோ, பள்ளி செல்லும் பிள்ளைகளோ இருப்பின் ஒரு தேதியைப் பேசி எழுத்தில் வாங்குங்கள். குடிமாறும் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சு நடக்கிறதே என்று மட்டும் ஓராண்டுக் கெடுவைத் தவறவிடாதீர்கள். கருணை காட்டுவதற்காக உரிமையை இழக்க வேண்டியதில்லை. உரிமை இருக்கிறதென்று கருணையைக் கைவிடவும் வேண்டாம்.

பிறர் ஹக்கைப் பேணி வாழும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.