எல்லா வலியும் ஒரே வலி இல்லை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



தைப்பூசம் நெருங்கினால் நம் குழுக்களில் பலர் மாலை போட்டுக்கொண்டு பழனிக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறோம். திண்டுக்கல்லில் இருந்து ஒட்டன்சத்திரம் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போக வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. "நடந்தா வலிக்கத்தானே செய்யும்"னு எல்லா வலியையும் ஒரே கணக்கில் எழுதுகிறோமே, அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

பழக்கமில்லாமல் அதிக தூரம் நடந்தால் தொடையும் கெண்டைக்காலும் வலிக்கும். பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும். இரண்டு மூன்று நாள் அதிகமாக இருந்து ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு காலிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். படி இறங்கும்போது "யம்மா" என்போம், நாலு எட்டு வைத்தால் கொஞ்சம் இளகும். இது சதை வலி. பயப்பட வேண்டாம், ஓய்வும் லேசான நடையும் போதும்.

நடக்க நடக்கக் கூடுகிற வலி வேறு. எலும்பின் மேல், ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற மாதிரி ஒரே இடத்தில் வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். நம் உறுப்பினர் ஒருவர் பாதத்தில் இப்படி வலித்தும் தைலம் தேய்த்துக்கொண்டே பழனி வரை நடந்து முடித்தார். அப்புறம் பல வாரம் வேலைக்குப் போக முடியவில்லை, கடன் தவணைக்கும் திண்டாடினார். வலித்த அன்றே பஸ் ஏறியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

முட்டியோ கணுக்காலோ வீங்கி, காலை ஊன்றவே முடியவில்லையா? சுளுக்கு எடுக்க ஓடாதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கிச் சூடாக இருந்தால் உருவி விடவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சு பாரம், மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவுகிற வலி வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை உள்ள அக்காமாருக்கு இதெல்லாம் தலைகீழ். வலிக்காததுதான் உங்களுக்கு ஆபத்து. பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். தார் ரோடு சுட்டாலும், முள் ஏறினாலும் தெரியாது. புண் பெரிதான பிறகுதான் வாடை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். வெறுங்காலோடு நடப்பதாக வேண்டுதல் என்பீர்கள், கோபப்படாதீர்கள், செருப்பு போட்டே நடங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் கூட இருப்பவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தங்கலிலும் ஒருவர் பாதத்தை ஒருவர் டார்ச் அடித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காலைக் காட்டிவிட்டு வாருங்கள்.